டோல் ரோடா, ஓசி ரோடா?

நியூஜெர்சியில இருக்கற நம்ம ஊர்க்காரங்களுக்கு அப்பா அம்மா வந்து இறங்கினா ஒரு சிலபஸ் இருக்கு. முதல் வாரம் தூக்கம். ரெண்டாவது வாரம் சுதந்திர தேவி சிலை. மூணாவது வாரம் வாஷிங்டன். அப்புறம் ஒரு நீண்ட வார இறுதி பார்த்து பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில், அங்கேருந்து நயாகரா, வீடு திரும்பல். இதை மாத்தி எழுத யாருக்கும் தைரியம் வந்ததில்லை. எனக்கும் இல்லை :-)

போன கோடையில நாங்களும் இந்த சிலபஸை முடிச்சோம். நான், தங்கமணி, மூணு வயசுப் பாப்பா, அப்பா, அம்மா. அஞ்சு பேருக்கு நம்ம கார் பத்தாதுன்னு ஒரு மினிவேன் வாடகைக்கு எடுத்தோம். இந்தப் பதிவு கோயிலைப் பத்தியோ அருவியைப் பத்தியோ இல்லை. அதை நிறைய பேர் எழுதிட்டாங்க. காசு கொடுத்து டோல் ரோட்டுல போறதா, இல்ல சும்மா கிடக்கிற ஃப்ரீவேயில போறதான்னு எங்க வீட்டுல நடந்த விவாதத்தைப் பத்தி.

கொஞ்சம் பூகோளம் சொல்லிடறேன். எடிசன்லேருந்து பிட்ஸ்பர்க் சுமார் 350 மைல். நேர் வழின்னா ஐ-78, ஐ-81 பிடிச்சு கார்லைல் வரைக்கும் போய், அங்கேருந்து பென்சில்வேனியா டர்ன்பைக். அது டோல் ரோடு. ஓசி வழின்னா ஐ-80. பென்சில்வேனியாவோட கிழக்குக் கோடியிலேருந்து மேற்குக் கோடி வரைக்கும் 311 மைல், ரோட்டுக்கு ஒரு பைசா கிடையாது. பாதி தூரத்துல ஐ-99 பிடிச்சு இறங்கி, ஆல்டூனா பக்கத்துல 22ஆம் எண் ரோட்டுல ஏறினா பிட்ஸ்பர்க் கிழக்கு வாசல்ல கொண்டு விட்டுடும். முக்கால் மணி நேரம் கூட ஆகும்.

(ரெண்டு வழியிலும் டெலவேர் ஆத்துப் பாலத்துக்கு டோல் உண்டு, பென்சில்வேனியாவுக்குப் போகும்போது மட்டும். திரும்பி வரும்போது கிடையாது. நியூஜெர்சியை விட்டு வெளியே போகத்தான் காசு, உள்ளே வர இலவசம். இதை வச்சு இங்க ஏகப்பட்ட ஜோக் இருக்கு.)

டர்ன்பைக் டோல் எவ்வளவு வரும்னு அப்பா கேட்டார். போக மட்டும் இருபத்தஞ்சு டாலர் கிட்ட வரும்னேன். மனசுக்குள்ள பெருக்கினார். உதடு அசையறது தெரிஞ்சுது.

"ரெண்டாயிரம் ரூபாயா? ரோட்டுல போறதுக்கா?"

"ஆமாப்பா."

"பக்கத்துல சும்மா ஒரு ரோடு இருக்குங்கற. அப்புறம் எதுக்குடா?"

அப்பாவைப் பத்தி ரெண்டு வரி. அரசு பஸ் டிரைவரா முப்பது வருஷத்துக்கு மேல ஓட்டி ரிட்டயர் ஆனவர். அதுல பெரும்பகுதி திருச்சி - சென்னை நைட் சர்வீஸ். அந்த ரோடு ரெண்டு லேனா இருந்த காலத்திலேருந்து நாலு லேனா ஆன காலம் வரைக்கும் பார்த்தவர். சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர்னு அந்த வழி டோல்கேட்டெல்லாம் வரிசையா மனப்பாடமா சொல்வார். 2021ல ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனப்போ "நின்னு காசு கொடுத்தாவாவது கொடுக்கறோம்னு தெரியும், இது தெரியாமலே உருவறான்"னு சொன்னவர். அங்கே டோல் ரோட்டை விட்டா அதுக்குச் சமமா இன்னொரு ரோடு கிடையாது. இங்கே இருக்கு. இருந்தும் காசு கொடுக்கறதுங்கறது அவர் கணக்குல அநியாயம்.

தங்கமணி டோல் ரோடு கட்சி. "முக்கால் மணி நேரம் கார் சீட்ல பாப்பாவைச் சமாளிக்கறதுக்கு இருபத்தஞ்சு டாலர் கம்மி"ன்னா. அம்மா எந்தக் கட்சியும் இல்லை. நான் நடுநிலை, அதாவது ரெண்டு பக்கமும் திட்டு வாங்கறவன்.

சரி, ஓசி ரோடு நிஜமாவே ஓசியான்னு பார்த்தா, இல்லை. 1956ல ஐசனோவர் கையெழுத்துப் போட்ட சட்டத்துல 41,000 மைலுக்கு இண்டர்ஸ்டேட் ரோடு போடறதா முடிவு பண்ணாங்க. செலவுல 90 சதவீதம் மத்திய அரசு. அந்தப் பணம் பெட்ரோல் வரியிலேருந்து வரும். இன்னிக்கும் ஒரு கேலன் பெட்ரோலுக்கு 18.4 சென்ட் மத்திய வரி, 1993க்கு அப்புறம் ஏத்தவே இல்லை. எங்க மினிவேன் கேலனுக்கு 25 மைல் கொடுக்கும்னு வச்சுக்கிட்டா, பிட்ஸ்பர்க் போக 14 கேலன், மத்திய வரி ரெண்டரை டாலர் சொச்சம். மாநில வரி தனி. டோல் ரோட்டுல போனாலும் இந்த வரியைக் கட்டித்தான் ஆகணும், பெட்ரோல் பங்குக்கு நாம எந்த ரோட்டுல போறோம்னு தெரியாதே.

டர்ன்பைக் அந்தச் சட்டத்துக்கெல்லாம் பெரியண்ணன். 1940 அக்டோபர் 1ஆம் தேதி கார்லைல்லேருந்து இர்வின் வரைக்கும் 160 மைல் திறந்தாங்க. 1880கள்ல ஒரு ரயில் பாதைக்காக மலையைக் குடைய ஆரம்பிச்சு, பாதியில காசு போச்சுன்னு விட்ட சுரங்கங்களை எடுத்து ரோட்டுக்குப் பயன்படுத்தினாங்க. கடன் வாங்கிக் கட்டின ரோடு, டோல் வசூல் பண்ணித்தான் அடைக்கணும். அதனால டோல். இதை அப்பாகிட்ட சொன்னேன்.

"எண்பத்தஞ்சு வருஷமாவா கடன் அடைக்கறான்?"

இதுக்குப் பதில் சொன்னா நம்ம கட்சிதான் தோக்கும், ஆனாலும் சொன்னேன். 2007ல பென்சில்வேனியா ஒரு சட்டம் போட்டுது. டர்ன்பைக் நிர்வாகம் வருஷா வருஷம் மாநிலப் போக்குவரத்துத் துறைக்குப் பணம் கொடுக்கணும்னு. பல வருஷம் அது 45 கோடி டாலர். மத்த ரோடு, பாலம், நகரத்து பஸ், ரயிலுக்கெல்லாம் போச்சு. ஐ-80லயும் டோல் போட்டு அந்தப் பணத்தை எடுக்கலாம்னுதான் திட்டம். மத்திய அரசு 2008லயும் 2010லயும் முடியாதுன்னுடுச்சு. ஆக ஐ-80 ஓசியாவே இருக்கு, டர்ன்பைக் தலையில பாரம் ஏறிச்சு. 2009லேருந்து ஒவ்வொரு வருஷமும் டோல் ஏறிட்டே இருக்கு. 2022ல அந்தத் தொகையை வருஷத்துக்கு அஞ்சு கோடி டாலரா குறைச்சாங்க, ஆனா அதுக்குள்ள வாங்கின கடன் இருக்கே, அது குறையலை.

அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். "பஸ்ஸுக்குப் போச்சுன்னா பரவால்ல"ன்னார். டிரைவர் புத்தி. ஆனா ஓட்டு மட்டும் ஐ-80க்குத்தான்.

அன்னிக்கு ராத்திரி நான் தண்ணி குடிக்க கிச்சனுக்குப் போனப்போ அம்மா அங்கே நாளைக்கு வேணும்னு புளிக்காய்ச்சல் கிளறிட்டிருந்தாங்க. குரலைத் தாழ்த்திக்கிட்டு சொன்னாங்க. "எந்த ரோட்டுல வேணா போ. ஆனா அடிக்கடி நிறுத்தற மாதிரி போ. அப்பாவால முன்ன மாதிரி அடக்க முடியலை. ஒரு மணி நேரம் தாங்கறதே கஷ்டம். உன்கிட்ட சொல்ல மாட்டார். அதனாலதான் வெளியே கிளம்பற அன்னிக்கு காலையிலேருந்து தண்ணியே குடிக்கறதில்லை."

எனக்கு வாஷிங்டன் போயிட்டு வந்த நாள் ஞாபகம் வந்துது. நல்ல வெயில். தண்ணி பாட்டிலை நீட்டும்போதெல்லாம் "வேணாம்டா, தாகமா இல்லை"ன்னுட்டே இருந்தார். சர்க்கரைக்கு வேற மாத்திரை போட்டுக்கறவர்.

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"அதைப் போய் யார்கிட்ட சொல்றதுங்கறார்."

முப்பது வருஷம் அம்பது பேரை ஏத்திக்கிட்டு, எங்கே நிறுத்தணும்னு தானே முடிவு பண்ணின மனுஷன். இப்ப பையன் ஓட்டற வண்டியில உக்காந்துக்கிட்டு "நிறுத்துடா"ன்னு சொல்ல வாய் வரலை. அம்மா அடுப்பை அணைச்சுட்டு, "நான் சொன்னேன்னு காட்டிக்காதே"ன்னு சொல்லிட்டு படுக்கப் போயிட்டாங்க.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். நமக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் அதுதானே.

காலேஜ்ல குறைந்த தூர வழி கண்டுபிடிக்கற டைக்ஸ்ட்ரா அல்காரிதம் படிச்சிருப்பீங்க. ஒவ்வொரு துண்டு ரோட்டுக்கும் ஒரு எடை, மொத்த எடை எந்த வழியில கம்மியோ அதுல போ. மேப் எல்லாம் நேரத்தையும் தூரத்தையும் எடையா வச்சுத்தான் கணக்குப் போடுது. டோல் வேண்டாம்னா அதைத் தவிர்க்கச் சொல்லலாம். ஆனா எங்க கேள்வி வேற. மொத்தம் எவ்வளவு நேரம்ங்கறதோ எவ்வளவு காசுங்கறதோ இல்லை. ஒரு பாத்ரூமுக்கும் அடுத்த பாத்ரூமுக்கும் நடுவுல இருக்கற மிக நீளமான இடைவெளி எந்த வழியில கம்மி? சராசரி எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒன்பது இடத்துல இருபது மைலும் ஒரே ஒரு இடத்துல எழுபது மைலும் இருந்தா சராசரி நல்லாத்தான் இருக்கும், அந்த எழுபது மைல்ல மாட்டின ஆளுக்கு சராசரி என்ன பண்ணும்?

டர்ன்பைக்ல கணக்கு சுலபம். கார்லைல்ல ஏறினா மேற்கே போற பக்கம் 24 மைல்ல ஒரு சர்வீஸ் பிளாசா. அதுக்கப்புறம் 30 மைல், 25 மைல், 35 மைல், 35 மைல். அவ்வளவுதான். அதிகபட்சம் 35 மைல், அரை மணி நேரம். ரோட்டை விட்டு இறங்கவே வேண்டாம். கழுவின பாத்ரூம், காபி, பெட்ரோல் எல்லாம் ஒரே இடத்துல. "அடுத்தது இத்தனை மைல்"னு போர்டும் இருக்கும்.

ஐ-80ல அப்படி இல்லை. ரெஸ்ட் ஏரியா சிலது இருக்கு, ஆனா தூரம் தூரமா. மத்த இடத்துல எக்ஸிட் எடுத்து இறங்கணும். நடு பென்சில்வேனியாவுல பாதி எக்ஸிட் காட்டுக்குள்ள போய் விடும். பெட்ரோல் பங்க் இருக்குமா, எத்தனை மைல் தள்ளி, உள்ளே விடுவானா, எதுவும் நிச்சயமில்லை.

ஏன் இந்த வித்தியாசம்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். இண்டர்ஸ்டேட் ரோட்டோரத்துல அரசாங்க நிலத்துல ஹோட்டல், பெட்ரோல் பங்க் வைக்கக்கூடாதுன்னு மத்தியச் சட்டம் இருக்கு. எக்ஸிட்ல இருக்கற ஊர்க் கடைக்காரங்க பிழைப்பு போயிடக் கூடாதேன்னு. அதனால ஓசி ரோட்டு ரெஸ்ட் ஏரியாவுல பாத்ரூமும் காசு போட்டா சிப்ஸ் தர்ற மெஷினும்தான். 1960க்கு முன்னாடியே இருந்த கடைகளுக்கு விலக்கு கொடுத்தாங்க. பழைய டோல் ரோடுகள் அப்படித்தான் தப்பிச்சுது. ஆக டோல் காசுல நாம வாங்கறது வேகத்தை மட்டும் இல்லை.

டர்ன்பைக்குக்கும் ஒரு ஆபத்து உண்டு. பெட்ஃபோர்டுக்கும் சாமர்செட்டுக்கும் நடுவுல 36 மைலுக்கு எக்ஸிட்டே கிடையாது. 2016 ஜனவரி பனிப்புயல்ல அந்தப் பக்கம் ஐநூறு வண்டிக்கு மேல ஒரு நாள் முழுக்க அங்கேயே நின்னுச்சு. ஒரு கல்லூரி கூடைப்பந்து அணி பஸ்கூட அதுல மாட்டிச்சு. பனிக்காலமா இருந்தா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன். ஜூலை மாசத்துல அந்தக் கவலை இல்லை.

மறுநாள் காலையில அறிவிச்சேன். "டர்ன்பைக்லதான் போறோம். பாப்பா இப்பத்தான் டயப்பரை விட்டிருக்கா. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் கேக்கும். அங்கதான் வசதி."

அப்பா என்னைப் பார்த்தார், அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அம்மா தயிர்சாதம் டப்பாவை மூடறதுல மும்முரமா இருந்தாங்க. "குழந்தைக்குன்னா சரி"ன்னார். ரெண்டாயிரம் ரூபாய் பேச்சு அதோட முடிஞ்சுது.

பாவம் பாப்பா, அன்னிக்கு மட்டும் அவளை எத்தனை தடவை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனோம்னு கணக்கே இல்லை. ஒவ்வொரு பிளாசாவுலயும் வண்டி நின்னதும், "வாம்மா, தாத்தா கூட்டிட்டுப் போறேன்"னு முதல்ல இறங்கறது அப்பாதான். வாசல் வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போய், தங்கமணிகிட்ட ஒப்படைச்சுட்டு அவர் பக்கம் போயிடுவார். "மாமா, நீங்க மெதுவா வாங்க, அவசரமில்லை"ம்பா தங்கமணி. அவளுக்கும் தெரியும்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. மூணாவது பிளாசாவுல அப்பா ஒரு காபி வாங்கச் சொன்னார். வண்டியில போகும்போது அவர் ஏதாவது குடிச்சு நான் பார்த்ததே அப்பத்தான்.

"இது நம்ம விக்கிரவாண்டி மோட்டல் மாதிரிடா"ன்னார். "என்ன, டிரைவருக்கு சாப்பாடு ஓசி கிடையாது."

சுரங்கம் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உக்காந்தார். ப்ளூ மவுண்டன், கிட்டட்டின்னி, டஸ்கரோரா, அப்புறம் அலெகேனி. இதுல பெரும்பாலானது ரயிலுக்காகத் தோண்ட ஆரம்பிச்சதுன்னு சொன்னதும் ஒவ்வொண்ணையும் மேலே கீழே பார்த்துட்டு வந்தார். பிரீஸ்வுட்னு ஒரு எக்ஸிட் வரும். அங்கே ஐ-70ல போறவங்க டர்ன்பைக்கை விட்டு இறங்கி, கடைத்தெரு மாதிரி ஒரு ரோட்டுல சிக்னல்ல நின்னுட்டு மறுபடி ஹைவே ஏறணும். டோல் ரோட்டோட நேரா இணைக்கறதா இருந்தா, கடன் அடைஞ்சதும் டோலை நிறுத்தறதா ஒத்துக்கிட்டாத்தான் மத்திய அரசு பணம் தரும்னு அந்தக் காலத்துச் சட்டம். அதுல வந்த வினை. அதைச் சொன்னதும் அப்பா சிரிச்ச சிரிப்புல பாப்பா எழுந்துடுச்சு. "ஊருக்கு ஊர் இதே கதைதான்"னார்.

பிட்ஸ்பர்க் கோயில்ல நல்ல தரிசனம். 1976ல கட்டினது, அமெரிக்காவுல இருக்கற பழைய கோயில்கள்ல ஒண்ணு. கேண்டீன்ல புளியோதரை. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "நம்மளுது பரவால்ல"ன்னு தீர்ப்பு சொன்னாங்க.

மறுநாள் நயாகரா. ஈரி வரைக்கும் ஐ-79 ஓசி, எல்லை வரைக்கும் ஐ-90யும் ஓசி. நியூயார்க் மாநிலம் ஆரம்பிச்சதும் அதே ஐ-90 டோல் ரோடா மாறிடும். இங்கே என் கணக்கு தலைகீழாச்சு. ஏரியை ஒட்டியே 5ஆம் எண் ரோடு போகுது. சில மைலுக்கு ஒரு சின்ன ஊர், பெட்ரோல் பங்க், பூங்கா. இடைவெளின்னு பார்த்தா டோல் ரோட்டைவிட இதுதான் நல்லது, காசும் இல்லை. மெதுவாப் போகணும், அவ்வளவுதான். ஒரு பக்கம் கடல் மாதிரி ஏரி, இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டின தூரம் திராட்சைத் தோட்டம். வெஸ்ட்ஃபீல்ட் பக்கமெல்லாம் திராட்சை ஜூஸுக்குப் பேர் போன ஊர். "கம்பம் பக்கம் மாதிரி இருக்குடா"ன்னார். டோல் இல்லைங்கற சந்தோஷம் குரல்லயே தெரிஞ்சுது.

வீடு திரும்பும்போது நான் கேக்காமலே, "ஓசி ரோட்டுலயே போடா, சமாளிச்சுக்கலாம்"னார். தெற்கே இறங்கி, வில்லியம்ஸ்போர்ட் வழியா ஐ-80. எக்ஸிட்டுகளை முன்கூட்டியே குறிச்சு வச்சிருந்தேன். ஐ-80 ஏறி கொஞ்ச நேரத்துல வண்டியில எல்லாரும் தூக்கம். பாப்பா, அம்மா, தங்கமணி. முன் சீட்ல அப்பா மட்டும் ரோட்டைப் பார்த்துட்டு வந்தார். ஒரு எக்ஸிட் போர்டு வந்துது.

"இதுல நிறுத்துடா"ன்னார்.

பாப்பா தூங்கறாளேன்னு நான் திரும்பிப் பார்த்தேன்.

"அவளுக்கு இல்லை. எனக்குத்தான்."

இண்டிகேட்டர் போட்டேன். திரும்பி வந்து உக்காந்ததும் பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணியைக் குடிச்சார். அப்புறம் மத்தவங்க எழுந்துக்காத மாதிரி மெதுவான குரல்ல, எத்தனை மாசமா இப்படி இருக்குன்னு அவரே சொன்னார். ராத்திரி எத்தனை தடவை எழுந்துக்கறார்னு சொன்னார். இந்த வயசுல நிறைய பேருக்கு வர்றதுதான், மருந்து இருக்கு, டாக்டரைப் பார்த்தாத் தெரிஞ்சுடும்னேன். "ஊருக்குப் போனதும் பார்க்கறேன்"னார். பார்த்தும் விட்டார். இப்ப மாத்திரை சாப்பிடறார். ராத்திரி ஒரு தடவைதான் எழுந்துக்கறாராம், அம்மா போன்ல சொன்னாங்க.

கடைசியா, கிளம்பப் போறவங்களுக்கு உபயோகமா நாலு விஷயம்:

வாடகை வண்டின்னா உங்க சொந்த ஈஸி-பாஸை எடுத்துட்டுப் போங்க. வண்டி நம்பரை உங்க கணக்குல சேர்த்துட்டு, திருப்பிக் கொடுத்ததும் மறக்காம எடுத்துடுங்க. வாடகைக் கம்பெனியோட டோல் திட்டத்துல மாட்டினா டோலுக்கு மேல நாள் கட்டணமும் தீட்டிடுவாங்க. என் நண்பர் ஒருத்தர் டோலைவிட அந்தக் கட்டணம் அதிகமா கட்டினார்.

பென்சில்வேனியா டர்ன்பைக்ல 2020லேருந்து காசு வாங்க ஆளே கிடையாது. ஈஸி-பாஸ் இல்லைன்னா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து பில் அனுப்புவாங்க, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

முழு வழிக்கும் ஒரே முடிவு எடுக்காதீங்க. துண்டு துண்டாப் பாருங்க. எங்களுக்குப் போக டோல், நடுவுல ஏரிக்கரை, வர ஓசி.

நாலாவது, அப்பா அம்மாவை ஏத்திட்டுப் போறீங்கன்னா அவங்க கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க. நீங்களே அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்துங்க. சாக்கு வேணும்னா வண்டியில குழந்தை இருக்கவே இருக்கு.

உங்க வீட்டுல எந்தக் கட்சி ஜெயிக்கும்? சொல்லிட்டுப் போங்க.